தர்ஷனா பேர் போட்ட சோப்பு

இல்லீங்கக்கா, காப்பியெல்லாம் வேண்டாமுங்க. குடிச்சிட்டுத்தான் வந்தேன். உக்காரவும் வேண்டாம், ரெண்டு நிமிசந்தான், நின்னபடிக்கே சொல்லிட்டுப் போயிடறேன். சரிங்க, சரிங்க, உக்காந்துக்கறேன். நீங்க இப்படி மரியாதையா நடத்தறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்குது.

என்னைத் தெரியுதுங்களா? தர்ஷனாவோட அம்மா. அஞ்சாவது பி செக்சன். உங்க ஓவியாவும் எங்க தர்ஷனாவும் ஒரே பெஞ்சுல உக்காந்துட்டு இருந்தாங்க, இப்பத்தான் மாத்தி உக்காந்திருக்காங்க. என் பேரு யமுனாங்க. கிளாஸ் குரூப்புல 'தர்ஷனா மம்மி'ன்னுதான் இருக்கும், பேரு யாருக்கும் தெரியாது.

ஓவியா இல்லீங்களா? டான்ஸ் கிளாசா? நல்லதாப் போச்சுங்க. ஐயோ, அப்படிச் சொல்லல, அவளையும் பாக்கணும்னுதான் வந்தேன். ஆனா இதை அவ முன்னாடி சொல்றதுக்கு எனக்கு வாய் வராது. கன்னம் எப்படி இருக்குதுங்க? தழும்பு ஏதும் நிக்கலியே? சாமி புண்ணியம். தெனமும் ஸ்கூல் கேட்டுல அவ வெளிய வரும்போது வண்டில உக்காந்தபடியே எட்டிப் பாப்பேன். பக்கத்துல வந்து பாக்க மாட்டேன், தூரத்துல இருந்துதான்.

போன ஆகஸ்டு மாசம் எம் புள்ள உங்க வாசப்படில நின்னு, "சாரி ஆன்ட்டி, நான் செஞ்ச சோப்புனாலதான் ஓவியாவுக்கு இப்படி ஆயிருச்சு"ன்னு சொன்னாள்ல? நானும் பின்னாடியே நின்னேன், அவ தோள்மேல கைய வச்சுக்கிட்டு. நீங்ககூடக் கேட்டீங்க, "பத்து வயசுப் புள்ளைக்கு இந்த வேலையெல்லாம் எதுக்கு, மத்தவங்க புள்ளைங்க முகத்துலயா வெளையாடறது"ன்னு. நீங்க கேட்டது தப்பே இல்லீங்க, எதுக்குக் கையை ஆட்டறீங்க? நானா இருந்தா இன்னும் நாலு வார்த்தை சேத்திக் கேட்டிருப்பேன்.

அதைப் பத்தித்தான் பேச வந்தேன்.

அந்த சோப்பை அவ செய்யலீங்கக்கா. நான்தான் செஞ்சேன்.

சொல்லிட்டேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேனுங்க. வண்டில வரும்போது நல்லாத்தான் வந்துச்சு. உங்க மாடிப்படி ஏறும்போது அத்தனையும் மறந்து போச்சு.

இல்ல, எந்திரிக்கல. முழுசாச் சொல்லிட்டுத்தான் போவேன். பாதியோட நிறுத்தினா மறுபடியும் சொல்றதுக்குத் தைரியம் வராது. நீங்களும் நடுவுல திட்டிடாதீங்க, கடைசில மொத்தமாத் திட்டிக்கோங்க.

எங்க வீட்டுக்காரர் காத்தாடிக் கம்பெனில சர்வீஸ்ல இருக்காருங்க. பூளவாடிப் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடி நிக்குதில்லீங்களா, அதுல ஏறி வேலை பாக்கறது. ஆனி ஆடில காத்து அடிக்க ஆரம்பிச்சா மனுசன் வீட்டுல தங்க மாட்டாரு. புள்ள ஸ்கூலுக்குப் போயிரும். எட்டரைக்கு மேல வீட்டுல நானும் ஃபேனும்தான். நீங்க வேலைக்குப் போறவங்க, உங்களுக்கு அது தெரியாது. மத்தியானச் சாப்பாட்டை ஒருத்தியா உக்காந்து தின்னுட்டு, தட்டையும் கழுவி வச்சிட்டா, மணி பன்னண்டே முக்கால்தான் ஆகியிருக்கும்.

அப்படித்தான் மாடில ரோஜா வச்சேன். வண்டில செடி கொண்டு வர்றவருகிட்ட ஒரு பன்னீர் ரோஜா வாங்கினேன். வாங்கினது நான், வளத்தினது தர்ஷனா. முட்டை ஓடு, டீத்தூளு, வெங்காயத் தோலு எல்லாத்தையும் ஒரு டப்பால சேத்து வச்சு செடி வச்ச பைக்குள்ள போட்டுக்கிட்டே இருப்பா. மொதப் பூ பூத்தன்னைக்கு ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னுட்டா. நான் அந்தப் பூவைப் படம் புடிச்சு ஸ்டேட்டஸ் வச்சேன், 'என் தோட்டத்து முதல் ரோஜா'ன்னு. என் தோட்டம். பாத்தீங்களா, அப்பவே.

அப்பறம் சோப்பு வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். வீட்டுலயே தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வச்சு சோப்பு செய்யறாங்க, அழகழகா வெட்டி அடுக்கறாங்க. நம்ம ஊருல இல்லாத தேங்காயெண்ணெயா? எங்கம்மா வீட்டுல இருந்து ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா டின்னுல வரும். காஸ்டிக் சோடா ஹார்டுவேர் கடைல வாங்கினேன். கடைக்காரர், "கக்கூசு அடைப்புக்குங்களா?"ன்னு கேட்டாரு. "இல்லீங்க, முகத்துக்கு"ன்னேன். அவரு என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

மொதத் தடவை அலுமினியப் போசில கலக்கிட்டேன். அய்யோ, அது பொங்குன பொங்கு இருக்குதே! நுரை தள்ளி, நாத்தமடிச்சு, போசி கருகருன்னு ஆயிருச்சு. அலுமினியத்துல அதைக் கொட்டவே கூடாதாமா. தர்ஷனாதான் வீடியோவை மறுபடி போட்டுப் பாத்து, "எவர்சில்வர்லதான் கலக்கணும்னு அந்த ஆன்ட்டி மொதல்லயே சொல்றாங்கம்மா, நீ தள்ளி விட்டுட்டே"ன்னா. ரெண்டாவது தடவை நல்லா வந்துச்சு. எங்க வீட்டுக்காரரோட கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கிட்டு, தராசுல எடை போட்டு, ஒழுங்காச் செஞ்சேன். ஒன்றரை மாசம் காய வச்சேன். பாலாடை மாதிரி வெள்ளையா வந்துச்சுங்க. ஸ்டேட்டஸ் வச்சேன். எங்க நாத்தனார் 'சூப்பர்'னு போட்டாங்க. கல்யாணமாகிப் பதிமூணு வருசத்துல அவங்க என்னை சூப்பர்னு சொன்னது அது ஒருக்காதான்.

அங்கதான் எனக்குத் தலை திரும்பிருச்சு.

இந்த வருசம் பொறந்தநாளுக்கு சாக்லேட் கொண்டு வரக்கூடாதுன்னு ஸ்கூல்ல சர்க்குலர் விட்டாங்கள்ல? அதுக்கப்பறம் என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். ஒருத்தங்க வெதை வச்ச பென்சில் குடுத்தாங்க. ஒருத்தங்க துணிப்பைல பேரு தச்சுக் குடுத்தாங்க. நீங்க ஓவியா பொறந்தநாளுக்கு ஆளுக்கொரு தொளசிச் செடி, சின்ன மண் தொட்டில, சிவப்பு நாடா கட்டி. குரூப்புல ரெண்டு நாளைக்கு அதே பேச்சு. உங்க மேல எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. கொஞ்சம் இருந்துச்சு. அந்தத் தொளசிக்கு நான் தண்ணியே ஊத்தலீங்க. புள்ளதான் ஊத்துச்சு.

சரி, நம்ம தர்ஷனாவுக்கு ரோஜா சோப்புன்னு முடிவு பண்ணினேன். நம்ம வீட்டு ரோஜா, நம்ம வீட்டு எண்ணெய், நாப்பத்திரண்டு புள்ளைங்க, நாப்பத்திரண்டு சோப்பு. அவ கேக்கலீங்க. அவ கேட்டது என்னன்னா, ஆளுக்கொரு எரேசர் வாங்கித் தரச் சொன்னா, பழம் மாதிரி இருக்குமே, அது. "எரேசரெல்லாம் எல்லாரும் குடுக்கறாங்க கண்ணு"ன்னேன். "குடுக்கட்டுமே"ன்னா. நான் காதுல வாங்கல.

முடிவு பண்ணும்போது பொறந்தநாளுக்குப் பதினோரு நாள்தான் இருந்துச்சு. தர்ஷனா விரல் விட்டு எண்ணிச் சொல்றா, "அம்மா, நாப்பது நாளாவது காயணும்னு சொன்னாங்களேம்மா." "மாடில வெயில்ல வச்சா சீக்கிரம் காஞ்சிரும், நீ பேசாம இரு." செய்ய உக்காந்தா தேங்காயெண்ணெய் பத்தல. டின்னுல பாதிதான் இருக்குது. அம்மா வீட்டுல இருந்து வர்றதுக்கு நாளாகும். சமையக்கட்டுல செக்குக் கடலை எண்ணெய் நெறைய இருந்துச்சு, அதை எடுத்து மிச்சத்துக்கு ஊத்தினேன். எண்ணெய் எண்ணெய்தானேன்னு நெனச்சேன். இல்லீங்களாமா. தேங்காயெண்ணெய்க்கு எவ்வளவு சோடா வேணுமோ அவ்வளவு கடலெண்ணெய்க்கு வேண்டியதில்லையாமா. கொறைச்சுத்தான் போடணும். கொறைக்காமப் போட்டா மீதிச் சோடா அப்படியே சோப்புக்குள்ள நிக்கும். அதுவும் புள்ளதான் சொன்னா. "எண்ணெய் மாத்தினா கணக்கையும் மாத்தணும்மா." நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "நீ கணக்குப் பரிச்சைல மொதல்ல நூறு வாங்கு, அப்பறம் எனக்குச் சொல்லிக் குடு."

அப்பறம் ரோஜா. செடில ஏழு பூ இருந்துச்சு. ஆறு பூவைப் பறிச்சுக் குடுத்துட்டு, "இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும்மா, பொறந்தநாளைக்குத் தலைல வைக்க"ன்னா. சரின்னு சொல்லிட்டு, அவ ஸ்கூலுக்குப் போனதும் அதையும் பறிச்சுப் போட்டுட்டேன். இதழ் பத்தாத மாதிரி இருந்துச்சு. அந்தச் சோடால ரோஜா இதழ் என்ன ஆகும்னு நெனைக்கறீங்க? கருத்துப் போச்சு. ரோஸ் கலரா வரும்னு பாத்தா, எலிப் புழுக்கை ஒட்டுன மாதிரி வந்து நிக்குது. அதை மறைக்கறதுக்குத்தான் அழகா பட்டர் பேப்பர் சுத்தி, மேல லேபிள் ஒட்டினேன். பிரிண்டிங் கடைல குடுத்து அடிச்சது. நடுவுல ரோஜா படம், கீழ 'தர்ஷனா ரோஸ்'ன்னு தங்கக் கலர்ல.

அவ பேருதான் போட்டேன், அவ பொறந்தநாளுன்னு. அந்த லேபிள்தாங்க பின்னாடி எனக்குத் தோதாப் போச்சு.

குடுக்கறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி ஒரு சோப்பை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்தேன். அதை அப்பறம் சொல்றேன். அது இருக்கட்டும்.

பொறந்தநாளன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. பட்டுப்பாவாடை கட்டிக்கிட்டுப் போனா. சாயந்திரம் குரூப்புல எல்லாரும் சோப்பு படத்தைப் போட்டு, 'வெரி நைஸ் தர்ஷனா மம்மி', 'யூனிக் கிஃப்ட்'னு ஒரே புகழ்ச்சி. நான் ஒவ்வொண்ணுக்கும் தேங்க்ஸ் போட்டேன். அடுத்த நாள் வெடியால பாத்தா, முகிலனோட அம்மா கையைப் படம் புடிச்சுப் போட்டிருக்காங்க, செவசெவன்னு. அப்பறம் இன்னொரு கை. அப்பறம் ஒரு கழுத்து. அப்பறம் உங்க வீட்டுக்காரர் ஓவியா முகத்தைப் போட்டாரு. கண்ணு ரெண்டும் வீங்கி, கன்னத்துல தோலு உரிஞ்சு. நான் அடுப்புல தோசை ஊத்திட்டு இருந்தேன். அந்தத் தோசையைத் திருப்பவே இல்லீங்க.

பத்து மணிக்கு பிரின்சிபால் கூப்புட்டு அனுப்பினாங்க. ரூமுல கிளாஸ் மிஸ் நிக்கறாங்க, உங்க வீட்டுக்காரர் உக்காந்திருக்காரு. தர்ஷனாவையும் கூட்டிட்டு வந்து ஓரமா நிக்க வச்சிருக்காங்க. டேபிள் மேல அந்த சோப்பு. பிரின்சிபால் அதை ஒரு பேனாவால தள்ளித் தள்ளித் திருப்பினாங்க, கையில தொடல. "இது எந்தக் கம்பெனி? யார் செஞ்சது?"ன்னு கேட்டாங்க. லேபிளைப் படிச்சாங்க. "தர்ஷனா ரோஸ்." தலையைத் தூக்கி என்னைப் பாத்தாங்க. உங்க வீட்டுக்காரர், "போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கலாம்னு இருக்கேன் மேடம்"னாரு. அவரைத் தப்புச் சொல்லல. பெத்தவருக்கு அப்படித்தான இருக்கும்.

என் வாயி தானாப் பேசுச்சுங்க. "பாப்பாதான் மேடம் செஞ்சா. ஆசைப்பட்டுச் செஞ்சா, நானும் கவனிக்காம விட்டுட்டேன்"னேன்.

சத்தியமா நான் யோசிச்சுச் சொல்லல. ஆனா சொன்னதும் ரூமே இளகிருச்சு. அதைத்தான் என்னால மறக்க முடியல. பிரின்சிபால் சேர்ல சாஞ்சு உக்காந்தாங்க. உங்க வீட்டுக்காரர், "ஓ, கொழந்தையா"ன்னு கீழ குனிஞ்சுக்கிட்டாரு. என் ஒடம்புல உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. அப்பறந்தான் திரும்பி அவளைப் பாத்தேன்.

அழலீங்க. என்னையே பாத்துக்கிட்டு நின்னா. மிஸ், "நீயா தர்ஷனா செஞ்சே?"ன்னு கேட்டாங்க. "ஆமா மிஸ், நான்தான்"னா.

வெளிய வராண்டால கூட்டிட்டு வந்து, முட்டி போட்டு உக்காந்து, அவ கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன். "கண்ணு, நீன்னா சின்னப் புள்ளைன்னு விட்டுருவாங்க. அம்மான்னா பெரிய பிரச்சினை ஆயிரும்." "போலீஸ் உன்னப் புடிச்சிட்டுப் போயிருமா?"ன்னு கேட்டா. இல்லைன்னு சொல்லியிருக்கணும். ஆமாம்னேன். "அப்ப நான் சொல்லிக்கறேம்மா"ன்னு என் கண்ணைத் தொடச்சு விட்டா.

என் கண்ணைத்தாங்க. அழுதது நானு.

மறுநாள் அசெம்பிளில நிக்க வச்சு மன்னிப்புக் கேக்க வச்சாங்க. லீடர் பேட்ஜைக் கழட்டிட்டாங்க. அப்பறம் ஒவ்வொரு வீடா கூட்டிட்டுப் போனேன், பதினோரு வீடு, உங்க வீடு ஏழாவது. கூட்டிட்டுப் போகச் சொல்லி ஸ்கூல்ல சொல்லலீங்க. நானாத்தான் கூட்டிட்டுப் போனேன். நேர்ல போய்க் கேட்டா மரியாதையா இருக்கும்னு தோணுச்சு. மொத வீட்டுல அவளுக்கு வார்த்தை வரல, நான் பின்னாடி இருந்து எடுத்துக் குடுத்தேன். நாலாவது வீட்டுக்கு மேல அவளே சரளமாச் சொல்லிட்டா.

குரூப்புலயும் நான் எழுதினேன். 'என் மகள் செய்த தவறுக்கு ஒரு தாயாக நான் தலை குனிகிறேன்'னு. ஞாபகம் இருக்குதுங்களா? எத்தனை பேரு பதில் போட்டாங்க! 'இந்தக் காலத்துல இப்படி ஒரு அம்மாவா', 'தப்பை ஒத்துக்கற மனசு வேணும்', 'யூ ஆர் எ கிரேட் மாம்'. பத்தொம்பது பேரு. நீங்களும் கும்புடற கை ஒண்ணு போட்டிருந்தீங்க. நான் அன்னைக்கு முழுக்க அதை எடுத்து எடுத்துப் பாத்தேன். வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா பாத்தேன்.

எங்க வீட்டுக்காரருக்கும் அதே பொய்தான். அவரு பொழுதோட வந்து, புள்ளையை மடில உக்கார வச்சு, "சோடாவெல்லாம் தொடக்கூடாது சாமி, அப்பாவோட கிளவுசு போட்டுக்கிட்டாக்கூட"ன்னு பக்குவமாச் சொன்னாரு. அவ தலையத் தலைய ஆட்டுனா. நான் பக்கத்துல உக்காந்து பயிறு பொறுக்கிட்டு இருந்தேன்.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியலீங்க.

காலாண்டு லீவுல அவளைத் தாராபுரத்துக்கு அவங்க அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். நாலு நாளு. போகும்போது வாசல்ல நின்னு, "ரோஜாவுக்குத் தண்ணி ஊத்திரும்மா, காத்து அடிக்குது, மண்ணு சீக்கிரம் காஞ்சிரும்"னு ரெண்டு தரம் சொன்னா. நான் மாடிப் பக்கமே போகல. அந்தச் செடியைப் பாக்கவே எனக்குப் புடிக்கல, அதான் உண்மை. அவங்கப்பா போயி அவளைக் கூட்டிட்டு வந்தன்னைக்கு, வந்ததும் துணி எடுக்கறதுக்கு அவரு மாடிக்குப் போனாரு. செடி சுத்தமாக் காஞ்சு குச்சியா நிக்குது. அங்க இருந்தே, "யாரு இதை இப்படிக் காய விட்டது?"ன்னு சத்தம் போட்டாரு. சும்மா சத்தந்தாங்க, கோவம்கூட இல்ல.

இவ அப்பத்தான் செருப்பைக் கழட்டிட்டு உள்ள வர்றா. பை தோள்லயே இருக்குது. "நான்தான்ப்பா"ங்கறா.

அவரு சிரிச்சுட்டாரு. "ஊருலயே இல்லாத புள்ள நீ எப்படிடா தண்ணி ஊத்துவே?"ன்னாரு. நானும் சிரிச்சேன். அவ சிரிக்கல. பையை ஆணில மாட்டிட்டு, கை கழுவப் போயிட்டா.

அப்பறம் யோசிச்சுப் பாத்தா, ஒண்ணு ரெண்டு இல்லீங்க. பால் பொங்கி ஊத்துனா, "நான்தாம்மா பாக்கல." அவ டியூசன்ல இருந்திருப்பா. மோட்டரை அமத்தாம டேங்கு நெறஞ்சு வழிஞ்சா, "நான்தான்." எங்க வீட்டுக்காரர் சாவியைத் தொலைச்சதுக்குக்கூட, "நான்தான் எங்கியோ வச்சிருப்பேன்." ரெண்டு மாசமா இப்படித்தான் சொல்லிட்டு இருந்திருக்கா. நான் ஒவ்வொரு தரமும், "கவனமா இருக்கக்கூடாதா?"ன்னு நாலு திட்டு திட்டிட்டு வேலையைப் பாத்திருக்கேன். எனக்கு அது வசதியா இருந்துச்சுங்க. வீட்டுல எது ஒடைஞ்சாலும் ஒடனே ஒருத்தர் ஒத்துக்கிட்டா சண்டையே வராதில்ல?

டெஸ்டு பண்ணினேன்னு சொன்னேன்ல, அதையும் சொல்லிடறேன். இது எம் புள்ளைக்குக்கூடத் தெரியாது. சோப்பு செய்யறவங்க நாக்குல லேசா வச்சுப் பாப்பாங்க. சோடா மிச்சம் இருந்தா சுரீர்னு இழுக்கும், பேட்டரியை நாக்குல வச்ச மாதிரி. இழுத்துச்சுன்னா அது ஒடம்புக்கு ஆகாது, தூக்கிப் போட்டரணும். நான் வச்சுப் பாத்தேன். சுரீர்னு இழுத்துச்சுங்கக்கா. இன்னொரு சோப்பு வச்சுப் பாத்தேன். அதுவும்தான். வாயைக் கழுவிட்டு, லேபிளைப் பாத்தேன். நாப்பத்திரண்டு லேபிள் அடிச்சு வந்தாச்சு. நாத்தனாருகிட்டச் சொல்லியாச்சு. ரெண்டு நாள்ல சரியாயிரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு ஒட்ட உக்காந்துட்டேன்.

தெரியாமச் செஞ்சதில்லீங்க. தெரிஞ்சுதான் உங்க புள்ள கைக்கு அனுப்பினேன்.

நீங்க ஏதாச்சும் சொல்லுங்க. திட்டுங்க. தண்ணி... ம், ஒரு வாய் குடுங்க.

திங்கக்கிழமை பிரின்சிபால்கிட்டப் போறேன். மொதல்ல உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன், உங்க புள்ளைக்குத்தான் அடி அதிகம். அதுக்கப்பறம் குரூப்புல போடணும். நீங்க எனக்கு முன்னாடி அங்க ஒண்ணும் போட்டுறாதீங்க, உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன். நானே போட்டாத்தான் நல்லா இருக்கும். எழுதிக்கூட வச்சிருக்கேன், படிக்கட்டுங்களா? இருங்க, போன்ல இருக்குது. 'அன்பான பெற்றோர்களே, சோப்பு விஷயத்தில் ஒரு சிறிய தவறான புரிதல் ஏற்பட்டுவிட்டது...' என்னங்க? 'தவறான புரிதல்' வேண்டாமுங்களா? 'சிறிய'வும் வேண்டாமா? சரிங்க. எடுத்தர்றேன். எடுத்துட்டா 'அன்பான பெற்றோர்களே' மட்டுந்தான் நிக்குது. அப்பறம் என்ன எழுதறதுன்னு தெரியலீங்க.

தர்ஷனாவா? கீழதான் இருக்கா, வண்டிகிட்ட. மளிகை வாங்கப் போலாம்னு கூட்டிட்டு வந்தேன். உங்க கேட்டைப் பாத்ததும் மூஞ்சி மாறிப் போச்சு. "மறுபடியும் சாரி கேக்கணுமாம்மா?"ன்னா. "நீ வர வேண்டாம், இங்கயே நில்லு"ன்னுட்டு வந்துட்டேன். எதுக்கு வந்திருக்கேன்னு அவகிட்டச் சொல்லல.

இல்லீங்க, ஒண்ணும் சொல்லல.

என்ன கேட்டீங்க?

அவகிட்டயா?

அவளுக்குத்தான் எல்லாந் தெரியுமேங்க. அந்த ரூமுல என் பக்கத்துலயே நின்னவ. அவகிட்டப் போயி நான் புதுசா என்னத்தைச்...

இல்லீங்கக்கா. கேக்கல. ஒருநாளும் கேக்கல.

ஒரு வாரமா மனசுக்குள்ள வரிசை போட்டு வச்சிருக்கேனுங்க, யார் யார்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு. மொதல்ல நீங்க. அப்பறம் பிரின்சிபால், அப்பறம் குரூப்பு, அப்பறம் அவங்கப்பா. எங்க நாத்தனார் பேருகூட அதுல இருக்குது. எம் புள்ள பேரு இல்லீங்க.

வேண்டாம், ஜன்னல்ல இருந்து அவளைக் கூப்புடாதீங்க. மேல வரச் சொன்னா, வர்றபோதே சாரி சொல்லிக்கிட்டுத்தான் வருவா. நானே எறங்கிப் போறேன்.